பிரான்ஸ் கடற்கரையில் பிள்ளைகளோடு ஒரு வாரம்: குளிப்பதைத் தவிர என்ன செய்யலாம்?

ஆகஸ்டில் ஒரு வாரம் பிரான்சின் மேற்கே இருக்கும் பிரித்தானி கடற்கரைக்குப் போகிறோம், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், குளியல் இரண்டு நாளில் சலித்துவிடுமே, அப்புறம் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆகஸ்டிலேயே அங்கே கடல் 17, 18 டிகிரிதான். என் மகள் இடுப்பளவு இறங்கிவிட்டுப் பல் தந்தியடிக்க ஓடி வந்து துண்டுக்குள் புகுந்தவள், அன்று சாயங்காலம் வரை அதைவிட்டு வெளியே வரவில்லை.

நாங்கள் பாரிஸ் பக்கம் இருக்கிறோம். அந்தக் கடற்கரையில் கோட்டைச் சுவர் சூழ்ந்த சேன் மாலோ ஊருக்கு மூன்று கோடைகள் போயிருக்கிறோம். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அதனால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

இறங்கியதும் முதல் வேலையாக ஓத அட்டவணை ஒன்று வாங்கிவிடுங்கள். சுற்றுலா அலுவலகத்தில் கிடைக்கும். கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று நாள்வாரியாகப் போட்டிருக்கும். சென்னைக் கடற்கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். சேன் மாலோவில் பெரிய ஓதம் வரும் நாட்களில் 12 மீட்டரைத் தாண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா காலை எட்டு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தபோது அலை மதில் சுவரை அறைந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தவர், "என்னடா, கடலையே காணோம்?" என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், பாறை, பாசி. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமே அந்த வடிந்த கடல்தான். ஒரு வாளியும் சின்னக் கைவாரியும் போதும். மணலில் மட்டி தோண்டலாம், பாறை இடுக்கில் நண்டு தேடலாம். அங்கே அதற்கு ‘நடந்தே மீன்பிடிப்பது’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயரே உண்டு. தாத்தா பாட்டிகள்கூட ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் சட்டமும் உண்டு. பலூர்த் என்ற மட்டி 4 செ.மீ. இருந்தால்தான் எடுக்கலாம். அளக்க ஒரு ஸ்கேலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் நமக்கு ஒரு மணி நேரம் நிம்மதி. என் மகன் தான் எடுத்ததில் பாதியைத் திரும்பப் புதைத்தான், முகத்தில் நீதிபதி களை. புரட்டிய கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அடியில் ஒரு குடும்பமே குடியிருக்கும். தண்ணீர் மாசுபட்டிருந்தால் எடுக்கத் தடை போடுவார்கள், ஊராட்சி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிரான் பே. கோட்டைச் சுவருக்கு எதிரே இருக்கும் குட்டித் தீவு, கடல் வடிந்தால் கல்பாதையில் நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷாத்தோபிரியானின் கல்லறை அங்கே இருக்கிறது. 1848-இல் இறந்தவர். கல்லறையில் பெயர்கூடக் கிடையாது, கடலைப் பார்த்தபடி ஒரு சிலுவை மட்டும். கடலும் காற்றும் மட்டுமே காதில் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். எங்கள் பிள்ளைகள் இருந்தவரை அது நடக்கவில்லை.

அங்கேதான் நான் அசட்டுத்தனம் செய்தேன். கடல் மெதுவாகத்தானே ஏறுகிறது என்று உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம். ஏறும் ஆறு மணி நேரத்தில் முதல் மணி நேரம் சோம்பலாகத்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் மொத்த ஏற்றத்தில் பாதி நடந்துவிடும். 12 மீட்டர் ஓதமென்றால் நிமிடத்துக்கு 5 செ.மீ. நாங்கள் இறங்கி வந்தபோது பாதையின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கணுக்கால் நனைய ஓடினோம். அதுவே தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. பாதை மூடிவிட்டால் கடக்கக் கூடாது, தீவிலேயே இருந்து கடல் வடியும்வரை காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், ஆனால் உயிருக்குப் பயமில்லை.

குளித்தே தீருவோம் என்றால் அதே மதிலுக்குக் கீழே போன் செக்கூர் கடற்கரையில் ஒரு குளம் இருக்கிறது. கடல் ஏறும்போது அதை மூழ்கடித்து நிரப்பிவிட்டுப் போகும், வடிந்த பிறகும் தண்ணீர் நிற்கும். ஏற்றத்தில் பார்த்தால் குதிக்கும் மேடை மட்டும் நடுக்கடலில் தனியாக நிற்பதுபோல் இருக்கும்.

மழை பெய்தால் (பெய்யும்) மீன் காட்சியகம் போகலாம், கூட்டம் அலைமோதும். என்னைக் கேட்டால் ரான்ஸ் ஆற்று அணைதான். 1966-இல் திறந்த மின்நிலையம், ஓதத்தின் வேகத்திலேயே 24 டர்பைன்கள் சுற்றுகின்றன. அணை மேலேயே சாலை போகிறது. படகு வந்தால் சாலைப் பாலம் தூக்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு மின்சாரம் முக்கியமில்லை, பாலம் தூக்குவதுதான் முக்கியம்.

பாறைத் தீவின் உச்சியில் பழைய மடாலயம் நிற்கும் மோன் சேன் மிஷேல் காரில் ஒரு மணி நேரம். எல்லோரும் போகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் நடுப்பகலில் வேண்டாம். ஒரே ஒரு ஒடுங்கிய தெரு, தேர்க்கூட்டம் மாதிரி நெரியும். நாலு மணிக்கு மேல் போங்கள். மடாலயத்துக்கு 18 வயதுக்குக் கீழ் இலவசம். படிக்கட்டு ஏராளம், தள்ளுவண்டி கொண்டுபோகாதீர்கள்.

சாப்பாடு: மதியம் இரண்டு மணியோடு பெரும்பாலான இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். கடல் வடிவதும் அதே நேரமாக இருந்தால் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போங்கள். ராத்திரிக்கு கலெத். கறுப்புக் கோதுமை என்று அவர்கள் சொல்லும் மாவில் தோசை மாதிரி முறுவலாகச் சுட்டது. காளான், சீஸ் வைத்துச் சைவமாகவும் தருவார்கள். அம்மா முதல் நாள் முகம் சுளித்தார். மூன்றாம் நாள், சுடுகிறவர் கல்லில் மாவை எப்படித் தேய்க்கிறார் என்று கவுண்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு பழைய செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள், பாறையில் வெறுங்காலோடு நடக்க முடியாது.