கதவுக்கு உள்ளே போன கார்கள்

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு தைராய்டு கேன்சர் வந்து, சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கதிரியக்க அயோடின் கொடுத்து 5 மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் பழையபடி இல்லை. மத்தியானமே படுத்துவிடுகிறாள், சின்ன விஷயத்துக்கும் அழுகிறாள். 5 வயது மகள் அம்மாவிடம் ஒட்டுவதே இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் "இது நல்ல கேன்சர்தானே" என்கிறார்கள். ஒருநாள் கோபத்தில் நானும் அப்படிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

(பெயர் வேண்டாம்), திருச்சி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தச் சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். என் கணவருக்கு இதே நோய் வந்தபோது நானும் அதைச் சொன்னவள்தான். பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்லி நம் பயத்தைத்தான் நாம் அடக்கிக்கொள்கிறோம். ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தின ராத்திரி தூங்காமல் கிடப்பவருக்கு அது "நீ பயப்படக் கூடாது" என்றுதான் கேட்கும்.

அசதியை மனசின் மேல் போடாதீர்கள். அயோடின் கொடுப்பதற்கு முன்னால் பலருக்குச் சில வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்திவைப்பார்கள். மே மாத வெயிலில் என் கணவர் போர்வை கேட்டார். பேசிக்கொண்டே இருப்பார், பாதியில் சொல் மறந்துவிடும். மாத்திரையை மறுபடி தொடங்கினாலும், அளவு சரியா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் 6 முதல் 8 வாரம் ஆகும். அப்படிப் பார்த்தால் 5 மாதம் என்பது இரண்டு மூன்று முயற்சிதான். கேன்சர் திரும்பாமல் இருக்கச் சிலருக்கு அளவைக் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். அதனால் படபடப்பும் எரிச்சலும் வரலாம். அழுகையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, கால்சியம் மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார், தைராய்டு மாத்திரை போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் என்ற ஹார்மோன் இறங்கவே இல்லை. காரணம் தெரிவதற்குள் 3 மாதம் போய்விட்டது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அயோடினின் கதிர்வீச்சு 8 நாளில் பாதியாகும், உடம்பிலிருந்து அதைவிட வேகமாக வெளியேறிவிடும். இது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. அப்போது எங்கள் பையனுக்கு 4 வயது. கதிர்வீச்சு எங்கள்மேல் படக்கூடாது என்று அப்பா தனி அறையில், தனித் தட்டு, தனி டம்ளர். அவன் வாசற்படியில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாகப் பொம்மைக் காரை உள்ளே தள்ளுவான். தான் தொட்டதைக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாதே என்று அவர் திருப்பித் தள்ளவில்லை. வாரக் கடைசியில் 7 கார்களும் உள்ளே இருந்தன. அப்பா வெளியே வந்த அன்று அவன் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பாவுக்குத் தன்னோடு விளையாடப் பிடிக்கவில்லை என்றே அவன் நினைத்திருக்கிறான். எனக்கு அது தெரியவே இரண்டு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாக் கார்களையும் எடுத்துவந்து பக்கெட் தண்ணீரில் போட்டார். "அப்பா சாப்பிட்ட மருந்து உன்மேல படக்கூடாதுன்னுதான் கதவைத் திறக்கல" என்றார். பையன் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் குந்தி, சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.

உங்கள் மகளிடமும் அம்மாவே சொல்லட்டும். அந்த நேரத்தில் நீங்கள் கொஞ்சம் வெளியே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா