எஸ்எஸ்டிஐ கிடைத்தாகிவிட்டது, மெடிகேர் எப்போது வரும்?

கேள்வி: அமெரிக்காவில் டெக்ஸாஸில் இருக்கும் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வேலை போய்விட்டது. எஸ்எஸ்டிஐ, அதாவது ஊனத்தால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகைக்கு, ஒப்புதல் கடிதம் வந்திருக்கிறது. மெடிகேர் என்ற அரசு மருத்துவ இன்சூரன்ஸ் கிடைக்க இரண்டு வருஷம் ஆகும் என்கிறார்கள். அதுவரை வைத்தியத்துக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைக் கையில் எடுங்கள். எந்த மாதத்திலிருந்து உதவித்தொகைக்குத் தகுதி என்று அதில் போட்டிருக்கும். மெடிகேருக்கான 24 மாதக் கணக்கு அந்த மாதத்தில்தான் தொடங்குகிறது, கடிதம் வந்த நாளில் அல்ல. என் கணவருக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய். எங்களுக்குக் கடிதம் வந்தபோது காத்திருப்பில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கழிந்திருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

உதாரணத்துக்கு, 2024 ஜனவரி 10 முதல் அவரால் வேலை செய்ய முடியவில்லை என்று இந்தத் தொகையைத் தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் ஏற்றுக்கொண்டதாக வையுங்கள். விதிப்படி முழுசாக ஐந்து மாதம் தள்ளி, ஜூலையிலிருந்து தொகை. அங்கிருந்து 24 மாதம் எண்ணினால் 2026 ஜூலையில் மெடிகேர். கடிதம் 2025 மே மாதம் வந்திருந்தால், அதற்குள் 10 மாதம் போய்விட்டது. நோய் தொடங்கிய தேதியை அவர்கள் தள்ளிப் போட்டிருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் முழு முடிவையும் மறுபடி பரிசீலிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். ஏஎல்எஸ் என்ற கடுமையான நரம்பு நோய் உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தனி விதி.

இடைப்பட்ட காலத்துக்கு நிறைய பேர் கவனிக்காமல் விடுவது கோப்ரா என்ற சட்டம் தரும் வசதி. வேலை போனபின் கம்பெனி இன்சூரன்ஸை முழு பிரீமியமும் கட்டி 18 மாதம் தொடரலாம் என்பது தெரிந்திருக்கும். ஊனம் கோப்ராவின் முதல் 60 நாளுக்குள்ளோ அதற்கு முன்போ தொடங்கியது என்று சோஷியல் செக்யூரிட்டி முடிவு செய்தால், இன்னும் 11 மாதம் நீட்டலாம். மொத்தம் 29. மேலே சொன்ன ஐந்தும் இருபத்து நாலும் சேர்ந்தாலும் அதே 29! ஒப்புதல் வந்த 60 நாளுக்குள், 18 மாதம் முடிவதற்கு முன்பே, இன்சூரன்ஸை நடத்துபவர்களுக்குக் கடிதத்தின் நகலை எழுத்துமூலம் அனுப்பிவிட வேண்டும். நீட்டித்த மாதங்களுக்குப் பிரீமியம் முழுத் தொகையின் 150 சதவீதம் வரை போகும். வலிக்கும்தான். ஆனால் நரம்பியல் டாக்டரையும் மருந்தையும் மாற்றாமல் இருப்பதன் அருமை நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸான மெடிகெய்ட் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. நியூ ஜெர்சியில் வருமானம் வறுமைக்கோட்டின் 138 சதவீதத்துக்குள் இருந்தால் போதும், சேமிப்பைக் கேட்கமாட்டார்கள். மெடிகெய்ட்டை இப்படி விரிவாக்குவதை டெக்ஸாஸ் ஏற்கவே இல்லை. வேலை செய்ய முடியாத மனிதரை எந்த மாநிலத்தில் வீடு என்று பார்த்து நடத்துவது அநியாயம் என்றே நினைக்கிறேன். அங்கே அண்ணனுக்கு எஸ்எஸ்டிஐ தொகை மிகக் குறைவாக இருந்து, சேமிப்பும் 2,000 டாலருக்குள் இருந்தால் வருமானமும் சேமிப்பும் குறைந்த ஊனமுற்றோருக்கான எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்; அது கிடைத்தால் மெடிகெய்ட் தானாக வரும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு அதில் கெடுபிடி அதிகம்.

கோப்ரா, மெடிகெய்ட் இரண்டும் ஒத்துவராவிட்டால், மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இன்சூரன்ஸ் சந்தையில் வாங்கும் திட்டம். பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. வருமானத்துக்கு ஏற்ப மானியம் உண்டு. கம்பெனி இன்சூரன்ஸ் நின்ற 60 நாளுக்குள் சேரவேண்டும். தவறினால் நவம்பரில் சேர்க்கை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மெடிகேர் கார்டு தபாலில் வரும்போது டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி வேண்டாம் என்று மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். 2025-ல் அதற்கு மாதம் 185 டாலர் பிடித்தார்கள். கோப்ரா இருக்கிறதே என்று விட்டால் பிறகு அபராதத்தோடு கட்ட வேண்டிவரும். வருமானம் குறைவென்றால் அந்தப் பார்ட் பி தொகையை மாநிலமே கட்டும் திட்டம் இருக்கிறது, டெக்ஸாஸிலும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. கடிதத்தோடு அங்கே போனால் இந்தக் கணக்கையெல்லாம் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுப்பார்கள்.