சவுனா சூட் போட்டா தொப்பை குறையுமா?

கேள்வி: தினமும் சவுனா சூட் (வேர்க்க வைக்கிற பிளாஸ்டிக் உடுப்பு) போட்டு திருத்தணி மலைப்படி ஏறுறேன் சார், இறங்கி வந்து பார்த்தா ஒரு கிலோ குறையுது, தொடரலாமா? – வாசகர், நகரி

பதில்: தம்பி, போனது கொழுப்பு இல்ல, தண்ணி. ஒரு லிட்டர் வேர்வை போனா ஒரு கிலோ குறையும், தண்ணி குடிச்சதும் திரும்பிடும். பிளாஸ்டிக் துணிக்குள்ள வேர்வை காயாது, அது காயலன்னா உடம்புச் சூடும் இறங்காது, அதான் ஆபத்தே. 1997-ல அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள் அவசரமா எடை குறைக்கப் போய் செத்தே போயிட்டாங்க, அடுத்த வருஷம் அங்க கல்லூரி மல்யுத்தத்துல இந்த மாதிரி ரப்பர் சூட்டுக்குத் தடை. நம்ம பக்கத்து சித்திரை வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். போட்டே ஆகணும்னா கையில்லாத, முன்னாடி ஜிப் வெச்ச நியோப்ரீன் (ஒரு வகை ரப்பர்) வெஸ்ட் வாங்குங்க, விடியக்காலையில கொஞ்ச நேரம் மட்டும், உப்பு போட்ட மோர் கூடவே இருக்கணும். தலை சுத்தினாலோ குளிரினாலோ உடனே கழட்டிட்டு நிழல்ல உக்காந்து மேல தண்ணி ஊத்துங்க, பேச்சு குளறினா 108-க்கு போன். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க தொடவே தொடாதீங்க.