தயிர் சாதமா, பச்சைக் கறியா? நாய்க்குடல் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்

போன வாரம் "நாய், ஓநாய், தீனி, குடல் பாக்டீரியா, இவற்றில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாய்விட்டுவிட்டேன். ஐம்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டது. நான் கால்நடை மருத்துவன், தீனியும் செரிமானமும்தான் என் பிரிவு. தோல் வியாதி, பயிற்சி, ஜோடி சேர்ப்பது பற்றியெல்லாம் கேட்டவர்கள் மன்னிக்கவும், அவை என் ஏரியா இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு ஐந்து வயது. குட்டியிலிருந்தே தயிர் சாதம்தான். மகன் எதையோ படித்துவிட்டு "நாய் மாமிச உண்ணி, சோறு விஷம்" என்கிறான். யார் சொல்வது சரி?

அம்மா, ஆளுக்குப் பாதி சரி. சோறு விஷம் இல்லை. 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் எரிக் ஆக்செல்சன் குழு 12 ஓநாய்களையும் 60 நாய்களையும் எடுத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு (ஏஎம்ஒய்2பி) ஓநாயில் 2 பிரதிகள்தான், நாய்களில் 4 முதல் 30 வரை. கணையத்தில் அந்த மரபணு வேலை செய்யும் வேகம் ஓநாயைவிட 28 மடங்கு. மனிதன் விவசாயம் செய்த இடங்களில் எச்சில் சோறு தின்றே வளர்ந்த பிராணி இது, வெந்த அரிசியை அதன் உடம்புக்கு நன்றாகத் தெரியும்.

மகன் சொல்வதில் சரியான பாதி என்னவென்றால், தயிர் சாதம் மட்டும் போதாது. புரதம் குறைவு, சுண்ணாம்புச்சத்து போதாது, சில வைட்டமின்களும் இல்லை. "நன்றாக இருக்கிறான்" என்று சொல்லும் நாய்களைத் தொட்டுப் பார்த்தால் பல நேரம் முதுகில் தசை கரைந்திருக்கும், வயிறு மட்டும் உருண்டையாக இருக்கும். வேகவைத்த கோழிக்கறி (எலும்பு எடுத்தது), முட்டை, வாரம் ஒருநாள் கொஞ்சம் ஈரல், ஒரு பிடி பூசணிக்காய் சேருங்கள். சுண்ணாம்புச்சத்துக்கு என்ன, எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் எடை சொல்லிக் கேளுங்கள். வெங்காயம் மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: தயிரில் நல்ல பாக்டீரியா இருக்கிறதே, அது குடலில் குடியேறிவிடாதா?

குடியேறாது. வழிப்போக்கர் மாதிரி வந்து போகும். கொடுக்கும்வரை ஏதோ கொஞ்சம் பலன், நிறுத்தினால் சில நாளில் காணாமல் போய்விடும். பாலைவிடத் தயிர் நல்லது, லாக்டோஸ் கொஞ்சம் குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

கேள்வி: நாய் மலத்தை டெஸ்ட் பண்ணினேன், ரிப்போர்ட்டில் ஃபியூசோபாக்டீரியா அதிகம் என்றிருக்கிறது. தேடிப் பார்த்தால் குடல் புற்றுநோய் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.

நல்ல கேள்வி, உட்கார்ந்து பதில் சொல்கிறேன். நீங்கள் தேடியது மனிதர்களைப் பற்றி. மனிதக் குடலில் அந்தக் குடும்பத்தின் ஒரு வகையைப் பெருங்குடல் புற்றுக்கட்டிகளில் பார்க்கிறார்கள், உண்மை. நாய்க்குடலில் ஃபியூசோபாக்டீரியா ஆரோக்கியத்தின் அடையாளம். இறைச்சி தின்னும் பிராணிக்கு அது வீட்டு ஆள், கடும் கழிச்சல் வந்த நாயில்தான் அது குறையும். ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் அது நல்ல செய்தி.

குறைந்தால் கவலைப்பட வேண்டிய பெயர் வேறு: க்ளாஸ்ட்ரிடியம் ஹிரனோனிஸ். பெயரைக் கேட்டால் வில்லன் மாதிரி இருக்கும், ஆனால் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை இரண்டாம் நிலை அமிலங்களாக மாற்றித் தருவது இந்த ஆள்தான், அந்த அமிலங்கள்தான் கெட்டவர்கள் பெருகாமல் அடக்கிவைக்கின்றன. இது காணாமல் போனால் குடல் நிலைகுலைந்து கிடக்கிறது என்று அர்த்தம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இதையும் வேறு சில பாக்டீரியாக்களையும் அளந்து ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீடு வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் சரி, 2க்கு மேலே போனால் சிக்கல்.

கேள்வி: குட்டிக்கு ரெண்டு நாளாகப் பேதி. மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கிப் பாதி மாத்திரை கொடுக்கலாமா?

கூடாது. குட்டிப் பேதியில் பார்வோ வைரஸ் இருக்கலாம், இன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், ஆரோக்கியமான நாய்களுக்கே இந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு நல்ல ஆட்களும் சரிந்தார்கள், நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் சில நாய்களில் முழுதாகத் திரும்பவில்லை. "போன தடவை கொடுத்தோம் நின்றதே" என்பீர்கள். வரும் கழிச்சல்களில் பாதி, எதுவும் கொடுக்காவிட்டாலும் தானாகவே நின்றுவிடும்.

கேள்வி: எந்த பிராண்ட் உலர்தீனி நல்லது?

பிராண்ட் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பூனைக்கும் இதேதானா?

இல்லை. பூனை வேறு உலகம், அதற்குத் தனியாக ஒருநாள்.

கேள்வி: டாக்டர், நீங்கள் சோற்றுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். நாய் என்பது வீட்டில் இருக்கும் ஓநாய். ஓநாய் பொங்கல் சாப்பிடுகிறதா? அதற்கு வேண்டிய பச்சிலை இரையின் இரைப்பையிலிருந்தே கிடைக்கிறது. பச்சைக்கறிதான் இயற்கை.

வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். முதலில் அந்த இரைப்பைக் கதை. ஓநாய்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக் போன்றவர்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள்: மான் மாதிரிப் பெரிய இரையை அடித்தால் இரைப்பைச் சுவரைத் தின்னும், உள்ளே இருக்கும் அரைத்த புல்லைப் பெரும்பாலும் கொட்டிவிடும். அடுத்து, ஓநாய் செடியே தொடாது என்பதும் தப்பு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வாயேஜர்ஸ் தேசியப் பூங்கா ஓநாய்கள் ஜூலையில் ப்ளூபெர்ரியை வளைத்து வளைத்துத் தின்கின்றன. 2017இல் வளர்ந்த ஓநாய் ஒன்று குட்டிகளுக்கு முன்னால் ப்ளூபெர்ரியைக் கக்கிக் கொடுத்ததையே பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: (அதே நண்பர்) பெர்ரி வேறு, அரிசி வேறு. என்னிடம் இருப்பது ஹஸ்கி. அவனுக்குச் சோறு கொடுத்தால் வயிறு உப்புகிறது. என்ன சொல்கிறீர்கள்?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! உங்கள் ஹஸ்கி விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அந்த அமைலேஸ் மரபணு எல்லா நாயிலும் ஒரே அளவில் பெருகவில்லை. ஆஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவுக்கு ஓநாய் மாதிரி 2தான், சைபீரிய ஹஸ்கிக்கும் மிகக் குறைவு. இரண்டும் விவசாயம் எட்டாத இடத்து நாய்கள், ஹஸ்கியின் தட்டில் மீனும் சீல் என்ற கடல்விலங்கும்தான். ஆகவே ஹஸ்கிக்குச் சோற்றைக் குறைத்து, கறியைக் கூட்டுங்கள். ஆனால் உங்கள் ஹஸ்கியை வைத்து ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் சட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று. மரபணு பாதிக்கதைதான். வடக்கு இத்தாலியில் சொலரோலோ என்ற இடத்தில் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய வெண்கலக் கால நாய் மலம் புதைந்து கிடைத்தது. ஆராய்ந்தால், அந்த நாய்களுக்கு அமைலேஸ் பிரதிகள் இன்றைய நாயைவிடக் குறைவு, ஆனால் அவற்றின் குடல் பாக்டீரியாக்களிடம் மாவுச்சத்தை உடைக்கும் மரபணுக்கள் ஏராளம். உடம்பு மாற ஆயிரக்கணக்கான ஆண்டு பிடித்தது, பாக்டீரியா அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டது. பாக்டீரியா தட்டைப் பார்த்து மாறும் சார். 2018இல் 32 பீகிள், 32 ரிட்ரீவர் என்று 64 நாய்களுக்குத் தீனியை மாற்றிப் பார்த்தார்கள். புரதம் கூடி மாவு குறைந்ததும் குடல் கூட்டமே மாறியது, அதிலும் குண்டு நாய்களில் இன்னும் பெரிதாக.

கேள்வி: (அதே நண்பர்) அப்படியானால் பச்சைக்கறி கொடுத்தால் ஓநாய்க்குடல் வந்துவிடும் அல்லவா? அதைத்தான் நானும் சொல்கிறேன்!

பக்கத்தில் போகும், அதுவாக ஆகாது. சரி, அப்படியே ஆனாலும் அதனால் என்ன லாபம்? உங்கள் நாய் மான் துரத்தப் போகிறதா? பச்சைக்கறியில் பாக்டீரியாவின் வகை மாறுகிறது என்பதும், நாய் அதனால் நீண்டகாலம் ஆரோக்கியமாக இருக்கும் என்பதும் வேறு வேறு. கூடவே வருவதையும் பாருங்கள்: 2018இல் நெதர்லாந்தில் 35 உறைந்த பச்சைத்தீனிப் பாக்கெட்டுகளைச் சோதித்ததில் பாதிக்கு மேல் லிஸ்டீரியா, ஐந்தில் ஒன்றில் சால்மொனெல்லா. இந்த நோய்க்கிருமிகள் நாய் வாயிலிருந்து உங்கள் பாட்டியின் கைக்கு வரும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். வேகவைத்துக் கொடுங்கள், புரதம் எங்கேயும் ஓடிவிடாது.

இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தானியமே இல்லாத தீனி நல்லதா?

தானியத்துக்கு ஒவ்வாமை நிரூபணமானால் ஒழிய அவசியம் இல்லை. பட்டாணி, பருப்பு அதிகம் சேர்த்த அத்தகைய தீனிக்கும் இதயம் வீங்கும் வியாதிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் விசாரித்தது. காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை என்று 2022இல் சொல்லிவிட்டது.

கேள்வி: ஒரு நாயின் மலத்தை இன்னொரு நாய்க்குக் கொடுக்கிறார்களாமே, நிஜமா?

நிஜம். பார்வோ வந்த 66 குட்டிகளில் பாதிக்கு ஆரோக்கியமான நாயின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்தினார்கள், அந்தக் குட்டிகளுக்குக் கழிச்சல் சீக்கிரம் நின்றது. வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.

கேள்வி: எந்த பிராண்ட்...

மேலே பாருங்கள்.

கேள்வி: சாம்பார் சாதம் கொடுக்கலாமா? ரசம்? கறிக்குழம்பு?

இதை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் பதிலிலேயே சொன்னேன், வெங்காயம் கூடாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பொடி, வதக்கியது, அரைத்தது, எல்லாம் வெங்காயம்தான். சிவப்பணுவை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் போனாலே பாதிப்பு தெரியும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேரும். ஒரு லேப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வாரக்கணக்கில் வெங்காய சாம்பார் சாதம். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுவர் மாதிரி வெள்ளை, சிறுநீர் டிகாஷன் நிறம். ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தது.

கேள்வி: சோற்றிலிருந்து புதுத் தீனிக்கு எப்படி மாற்றுவது?

ஒரே நாளில் மாற்றாதீர்கள், குடல் கூட்டத்துக்கு அவகாசம் வேண்டும். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு நாள் பாதிப் பாதி. அப்புறம் தலைகீழ். ஒரு வாரத்தில் முழுதாக. நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னே போங்கள்.

நாளைக் காலையில் ஆபரேஷன் இருக்கிறது, மீதிக் கேள்விகள் ஞாயிற்றுக்கிழமை. ஹஸ்கி நண்பரே, அடுத்த முறை எழுதும்போது அவன் எடையையும் சொல்லுங்கள், கறி எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.