அள்ளி விழுங்கும் நாய்க்கு எந்தக் கிண்ணம்?

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் லேப்ரடாருக்கு இரண்டு வயது, 30 கிலோ. வேளைக்கு 150 கிராம் டாக் ஃபுட் வைக்கிறோம்; அரை நிமிடத்தில் காலி. வாரத்தில் இரண்டு முறையாவது தின்ற கையோடு முழுசு முழுசாக வெளியே தள்ளிவிடுகிறான். நாயை மெதுவாகத் தின்னவைக்க உள்ளே மேடு பள்ளம் வைத்த கிண்ணமாம், ஆன்லைனில் 'ஸ்லோ ஃபீடர்' என்று சுழல், தாமரை, எலும்பு வடிவங்களில் கிண்ணம் விற்கிறார்கள். எதை வாங்குவது? – வாசகர், கோவை

தாமரையோ எலும்போ, அது வாங்குபவர் கண்ணுக்குத்தான். நாய் உணவை அரைத்துத் தின்பதில்லை. வாய் கொண்ட மட்டும் கவ்வி விழுங்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் மேடுகள் அந்தக் கவ்வலைத் தடுக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளத்துக்குள் நாக்கு நுழைய வேண்டும், வாய் நுழையக் கூடாது. இந்த ஒன்றை வைத்துத் தேர்ந்தெடுத்தால் தவறு நேராது.

லேப்ரடார் அளவு நாய்க்குப் பள்ளத்தின் அகலம் சுமார் 3 செ.மீ., அதாவது உங்கள் இரண்டு விரல் தாராளமாகப் போகிற அளவு. மேட்டின் உயரம் 4 முதல் 5 செ.மீ. இருக்கட்டும். படத்தில் கிண்ணம் பெரிதாகத் தெரியும்; வாங்குமுன் அளவு விவரத்தைப் படியுங்கள். சிறு இனங்களுக்கான கிண்ணத்தை லேப்ரடாருக்கு வைத்தால் நாக்கே போகாது. அது கிண்ணத்தைக் கவிழ்த்துத் தரையிலிருந்து ஒரே அள்ளாக அள்ளிவிடும்.

அடுத்தது கொள்ளளவு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உணவு மேடுகளை மூடிவிட்டால் அது சாதாரணக் கிண்ணத்துக்குச் சமம். உங்கள் 150 கிராம் ஏறக்குறைய 400 மில்லி இடத்தை அடைக்கும். அதைப் போல இரண்டு மடங்கு, 800 மில்லி கொள்ளும் கிண்ணமாக வாங்குங்கள். கொட்டிய பிறகு மேட்டின் தலை ஒரு விரற்கடையாவது வெளியே தெரிய வேண்டும்.

அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, மேட்டின் முனைகள் மழுங்கலாக இருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். கூர்முனை ஈறைக் கீறும். பிளாஸ்டிக் கீறல் விழுந்தால் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கி வழவழப்பாகிவிடும். சில நாய்களுக்குத் தாடையில் பருப்போலப் புள்ளிகள் வருவதற்கு அழுக்கேறிய பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரு காரணமாகலாம். ஒவ்வொரு வேளையும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

முதல் மூன்று நாள் பாதி உணவை மட்டும் இதில் வையுங்கள், மீதியைப் பழைய கிண்ணத்தில். நேரத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் என்பது நாலைந்து நிமிடம் ஆனால் போதும். இருபது நிமிடம் போராடுகிறது, குரைக்கிறது, காலால் பறண்டுகிறது, பாதியில் விட்டுப் போகிறது என்றால் கிண்ணம் அதற்கு மிகக் கடினம். அகலப் பள்ளம் உள்ளதாக மாற்றுங்கள்.

உணவு மெதுவான பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே தள்ளுவது நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றை எக்காமல், சிரமமே இல்லாமல், செரிக்காத உணவு குழாய் வடிவில் வந்து விழுந்தால் உணவுக்குழாயில் கோளாறு இருக்கலாம். கைபேசியில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

நாங்கள் போடுவது சோறும் வேகவைத்த கோழியும், சில நாள் தயிர்சாதம். ஸ்லோ ஃபீடர் வாங்கினோம். சோறு சந்துகளில் அப்பிக்கொள்கிறது, எறும்பு வேறு. – வாசகி, தஞ்சாவூர்

நீங்கள் வாங்கியது உருண்டைத் தீவனத்துக்கான கிண்ணம். குழைந்த சோறு குறுகிய சந்தில் கட்டியாக இறுகிவிடும். நாய் மேலாக நக்கிவிட்டு, அடியில் இருப்பதற்காகப் பிளாஸ்டிக்கைக் கடிக்கத் தொடங்கும். நம் வெயிலுக்கு மிச்சச் சோறு சீக்கிரமே புளித்தும் போகும்.

உங்களுக்கு எவர்சில்வரில் நடுவில் ஒரே ஒரு குமிழ் எழும்பிய கிண்ணம் போதும். சோறு வளையமாகச் சுற்றிக் கிடக்கும், கழுவுவதும் எளிது. வேகம் குறைவது கொஞ்சம்தான். இன்னும் குறைய வேண்டுமானால் கடைக்கே போக வேண்டாம்: பரணில் கிடக்கும் பழைய பணியாரச் சட்டியை எடுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டிச் சோறு வைத்து லேசாக அழுத்திவிடுங்கள். இரும்புச் சட்டி கனமானது, நகராது. குழிக்குள் நாக்குத்தான் போகும், வாய் போகாது. நான்ஸ்டிக் பூச்சு உரிந்த சட்டி மட்டும் வேண்டாம். இட்லித் தட்டும் உதவும். ஆனால் எடை குறைவு என்பதால் அடியில் ஈரச் சாக்கு போட வேண்டும்.

கோழியை எலும்பு நீக்கி, கிள்ளிச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். துண்டு துண்டாக வைத்தால் அதை மட்டும் பொறுக்கி விழுங்கிவிடும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றவே கூடாது.

பக் நாய்க்கு எது சரி? – வாசகர், மதுரை

மேடு 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாத, அகலமான, தட்டையான தட்டு. சப்பை மூக்கு நாய்கள் ஆழமான சுழலில் முகத்தை அழுத்தினால் மூக்கு அடைபட்டுத் திணறும். முகமடிப்பில் உணவு சேர்ந்து புண்ணாகும். தின்றதும் மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். குறட்டைச் சத்தம் கூடினால் அந்தத் தட்டு வேண்டாம்.

கிண்ணத்தில் ஒரு பெரிய கூழாங்கல் போட்டால் போதும் என்கிறார் நண்பர். செலவில்லாத வழிதானே? – வாசகர், சேலம்

பல் உடைந்தால் அது செலவுதான். வேகமாகக் கவ்வும் நாய் கல்லையும் கடிக்கும். வாய்க்குள் அடங்கும் கல்லாக இருந்தால் விழுங்கியும் தொலைக்கும், பிறகு அறுவைசிகிச்சைதான். செலவில்லாமல் வேண்டுமென்றால் பெரிய கிண்ணத்துக்குள் கனமான சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, சுற்றிலும் உணவைப் போடுங்கள். அதைத் தூக்கியெறியக் கற்றுக்கொண்ட நாய்க்கு, சுத்தமான மொட்டைமாடித் தரையில் தீவனத்தைப் பரவலாக இறைத்துவிடலாம். ஒவ்வொன்றாகப் பொறுக்கும்.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய் வரும் என்கிறார்கள். ஸ்டாண்டில் உயர்த்தி வைத்த ஸ்லோ ஃபீடர் நல்லதா? – வாசகி, சென்னை

ஸ்லோ ஃபீடர் சரி. ஸ்டாண்ட் வேண்டாம்.

நெஞ்சுக்கூடு ஆழமான இனங்களில் இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத் தானே சுற்றி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவை இதில் அடக்கம். நம் ராஜபாளையமும் ஆழ நெஞ்சு உடையதுதான். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் 1,637 பெரிய, ராட்சத இன நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகத் தின்பது, உயர்த்தி வைத்த கிண்ணம், வயது, பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இந்நோய் வந்திருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுவதாகக் கண்டார்கள். உயர்த்தி வைத்தால் காற்று குறைவாகப் போகும் என்பதுதான் அதற்கு முன் பரவலான நம்பிக்கை. கடைகளில் இன்னும் அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். கழுத்து வலியோ உணவுக்குழாய்க் கோளாறோ இருந்து மருத்துவர் சொன்னால் மட்டும் உயர்த்துங்கள்.

கிண்ணம் மட்டும் காப்பாற்றாது. ஒரே வேளையாக நிறையப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். உண்டபின் ஒரு மணி நேரம் ஓட்டமும் துள்ளலும் வேண்டாம். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் குமட்டினால், எச்சில் ஒழுகினால், படுக்க முடியாமல் அலைந்தால், வயிறு மேளம்போல் இறுகினால், அது நள்ளிரவானாலும் அந்த நிமிடமே கிளம்புங்கள். ஓம வாட்டர் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் ஒரு மணி நேரமே உயிரைப் பறித்துவிடலாம்.

ஐந்து வயது நாய் நிதானமாகத்தான் தின்னும். குட்டி வந்த பிறகு இரண்டும் போட்டிபோட்டு விழுங்குகின்றன. இரண்டுக்கும் ஸ்லோ ஃபீடர் வாங்கலாமா? – வாசகர், திருநெல்வேலி

இப்போதைக்கு வாங்காதீர்கள். மற்றது பறித்துவிடும் என்ற பயத்தில் விழுங்கும் நாய்க்குத் தடை வைத்தால், அந்தப் பயத்தோடு தின்னும் நேரம்தான் நீளும். உறுமலும் கடியும் தொடங்கும். தனித்தனி அறையில், கதவைச் சாத்தி வையுங்கள். கால் மணி நேரத்தில் காலிக் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பிறகு கதவைத் திறங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரியது பழைய நிதானத்துக்கு வந்துவிட்டால் கிண்ணமே தேவையில்லை. குட்டி மட்டும் தொடர்ந்து விழுங்கினால் அதற்கு ஒன்று வாங்குங்கள். வளர்ந்ததும் முகம் பெரிதாகும், மாற்ற வேண்டிவரும் என்பதால் விலை குறைந்ததே போதும்.

ஒன்பது வயது நாய், இத்தனை நாள் ஒழுங்காகத் தின்றது. ஒரு மாதமாகத் தீனிக்குப் பறக்கிறது. – வாசகி, ஈரோடு

கிண்ணம் வாங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, தின்றும் இளைக்கிறதா, வயிறு மட்டும் தொங்குகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவும் சில ஹார்மோன் கோளாறுகளும் இப்படிப் பசியைக் கிளப்பும். அரிப்புக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.