சென்னையின் பேட்டைகளைச் சாப்பாட்டின் வழியே அறிந்துகொள்வது எப்படி?

சென்னையின் சுற்றுலா இடங்களை ஒதுக்கிவிட்டு, அங்கே பலவகை மக்கள் வாழும் பகுதிகளை அவரவர் உணவின் வழியாகப் பார்க்க விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஈரோட்டில் ஜவுளி வணிகம் செய்பவன். வசூலுக்காக ஆண்டுக்கு ஐந்தாறு முறை ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடியும் முன்பே சென்ட்ரலில் இறங்கி, கடைகள் திறக்கும்வரை பசியோடு தெருத்தெருவாக நடந்தவன் என்பதைத் தவிர இதற்குப் பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. அந்த நடையில் புரிந்துகொண்டது, கடைகளின் பெயர்களைவிடப் போகிற நேரமே முக்கியம் என்பது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் போனால் அங்கே வாழ்பவர்கள் தாங்கள் சாப்பிடுவதற்காக வந்து நிற்கும் இடத்தில் நாமும் நிற்கலாம்.

சவுகார்பேட்டையிலிருந்து தொடங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் பெயர்பெற்ற தங்கசாலைத் தெருவில், மார்வாரிகளும் குஜராத்திகளும் தொழிலைத் தொடங்கும் முன்பே ஜிலேபி எண்ணெயில் விழத் தொடங்கிவிடும். எனக்குப் பாக்கி வைத்திருக்கும் ஒரு சேட், பணத்தைக் கேட்டால் அடுத்த வாரம் என்பார்; ஆனால் காக்கடா ராம்பிரசாத் கடையிலிருந்து சூடான ஜிலேபியை வரவழைத்துத் தராமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. மாலையில் அதே தெருப்பக்கம் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு சிறு முறுக்குகளுக்கு நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி வைத்துத் தருவார்கள். வடக்கிலிருந்து வந்த சாட் நம்முடைய முறுக்கைத் தத்தெடுத்துக்கொண்டதைப் பார்க்கும்போது, இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே காயும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட்டைத் தின்று வளர்ந்த நமக்கு ஒன்றுவிட்ட சகோதரனைச் சந்தித்ததுபோல் இருக்கும்.

அங்கிருந்து கடற்கரை ரயில் நிலையத்தை நோக்கி நடந்தால் பர்மா பஜார் வரும். ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் அதை இங்கே செலவிடச் சொல்வேன். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உடைமைகளை விட்டுவிட்டுக் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்களுடன் வந்த உணவுதான் அத்தோ. பொழுது சாயும் நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸ், மெல்லிதாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாவற்றையும் போட்டு, தட்டை போன்ற ஒன்றை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்து தருவார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வரும். பர்மியர்கள் மீனைச் சேர்த்துச் செய்யும் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் உணவின் சாறு, சென்னையின் பல வண்டிகளில் மீனில்லாத வாழைத்தண்டுச் சாறாகிவிட்டது. கோபியிலும் பவானியிலும் வாழைக்குப் பஞ்சமில்லாததால் வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தேன். ஆத்தா அருகில் நின்று பார்த்துவிட்டு, “கல்லடைப்புக்குக் குடிக்கறத எதுக்குக் கண்ணு சேமியாக்கூடச் சேத்தறே?” என்றார், ஆயினும் இரண்டாவது கிண்ணத்தையும் கேட்டு வாங்கினார்.

திருவல்லிக்கேணிக்கு நோன்பு மாதத்தில் போக முடிந்தால் நல்லது. ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலில் மாலையில் நோன்பு திறப்பவர்களுக்கு, பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த ஓர் இந்து அகதி தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையினர், தம் இடத்தில் சமைத்த சைவ உணவைக் கொண்டுவந்து பல ஆண்டுகளாகப் பரிமாறி வருகிறார்கள். பரிமாறும் தொண்டர்கள் தலையில் தொப்பி அணிந்திருப்பார்கள். அதே பேட்டையில் பார்த்தசாரதி கோயில் பிரசாதமும், சாம்பாரில் முழுகிய இட்லிக்குப் பேர்போன ரத்னா கபேயும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கின்றன. அந்தச் சாம்பார் சற்று இனிப்பாக எனக்குத் தோன்றுவதுண்டு. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றில் பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டுப் பழகிய நாக்கின் குறையாகவும் அது இருக்கலாம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு மே மாதத்தில், அதுவும் வெயில் ஏறிய பிறகு, முழு வஞ்சிரம் வாங்கும் ஆசையோடு போனேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது மேட்டூர் அணை மீனையே பெரிதாக நினைத்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகில் வந்த கொஞ்சம் சிறுமீன் விடியலிலேயே விற்றுத் தீர்ந்திருந்தது. ஓர் அம்மா கூடையைக் கழுவிக்கொண்டே, தடை முடிந்து ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு வரும்படி சொல்லி அனுப்பினார். ஆடியில் அப்படியே போனேன். ஏல இரைச்சலுக்கு நடுவே சங்கராவும் கடம்பாவும் வாங்கி, அருகிலிருந்த ஒரு சிறு கடையில் கொடுத்து வறுத்துத் தரச் செய்து சாப்பிட்டேன்.

மயிலாப்பூரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; காலைப் பொங்கலுக்குப் போய்வந்தால் போதும். சைதாப்பேட்டை வடகறியையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வாழும் ஆங்கிலோ இந்தியர்களின் மஞ்சள் தேங்காய்ச் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் மட்டும் கடை தேடிப் போகிறவர்களுக்கு எளிதில் அகப்படுவதில்லை. ரயில்வேயில் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் வீட்டில், ஒரு ஞாயிறு மதியம், ஒரே ஒருமுறை எனக்குக் கிடைத்தது.