பெட்டியைக் கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள்: விமான ஏவியோனிக்ஸ் கேள்வி பதில்

கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் ஏவியோனிக்ஸ் (விமானத்தின் மின், இலத்திரனியல் கருவிகள்) பக்கம் வேலை பழகுகிறவர்களும், அந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் ஒருவரே.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு இருக்கிறேன். பி2 லைசென்ஸ் (ஏவியோனிக்ஸ் பராமரிப்புக்கான உரிமம்) எடுக்க என்ன படிக்க வேண்டும்? வயர்களின் நிறம் பிரித்தறிய எனக்குக் கொஞ்சம் சிரமம். அது தடையா?

பதில்: பௌதிகவியலில் மின்னோட்டவியல் அலகு பிடிபட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை தம்பி. லைசென்ஸ் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. பாடப்பிரிவு ஐரோப்பிய முறையை ஒட்டியது. மொடியூல் 3 மின்னியல், 4 இலத்திரனியல், 5 டிஜிட்டல்; இந்த மூன்றும் அடித்தளம். பி2 ஆட்களுக்கென்றே உள்ளவை 13உம் 14உம். சித்தியடைய 75 வீதம் வேண்டும். ஒரு கேள்விக்குச் சராசரியாக 75 செக்கன்தான், ஆகவே மனப்பாடம் உதவாது. பாஸ் பண்ணிய கையோடு லைசென்ஸ் வந்துவிடாது. ஐரோப்பிய விதியில், அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்தவருக்கு 2 வருட வேலை அனுபவம் தேவை. தொழிற்பயிற்சி எதுவும் இல்லாமல் வருபவருக்கு 5 வருடம்.

நிறத்தைப் பற்றி: விமான வயர்களில் பெரும்பாலானவை வெள்ளைதான், இலக்கம் அச்சடித்திருக்கும். ஆனால் பின்களில் உள்ள நிறக்கோடுகள், கொக்பிட் எச்சரிக்கை விளக்குகள், வரைபடத்தில் உள்ள நிறச் சுருக்கெழுத்து எல்லாம் நிறத்தை நம்பியவை. காசு கட்டுவதற்கு முன் கண் வைத்தியரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கட்டுநாயக்க): ஒரே விமானத்தில் டிரான்ஸ்பொண்டர் 1 (ராடார் கேள்விக்குப் பதில் அனுப்பும் பெட்டி) பழுது என்று திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டியை மாற்றினால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறது. கழற்றி அனுப்பிய பெட்டி, வேர்க்ஷொப்பில் பழுது இல்லை என்று திரும்பி வருகிறது. எங்கே பிழை விடுகிறோம்?

பதில்: பெட்டியை இழுத்துத் திரும்ப ராக்கில் (பெட்டி நிற்கும் தட்டில்) தள்ளும்போது பின்பக்கக் கொனெக்டர் ஊசிகள் ஒன்றோடொன்று உரசிச் சுத்தமாகின்றன. அதனால்தான் இரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருக்கிறது. மாற்றியது பெட்டியை, சுகமானது பிளக்.

நம்முடைய காலநிலையும் இதற்குத் துணை. 35,000 அடியில் மணிக்கணக்கில் பறந்து இறங்கும் விமானத்தில், வெளித்தோலை ஒட்டியிருக்கும் அன்டெனாவும் அதன் கோஅக்ஸ் கேபிள் முனையும் நன்றாகக் குளிர்ந்திருக்கும். கடலோர ஈரக்காற்று பட்டதும், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் போல வியர்க்கும். அந்தத் தண்ணீர் உப்போடு சேர்ந்து உள்ளே தங்கினால் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

முதலில் 1, 2 இரண்டு பெட்டிகளினதும் பாக இலக்கம் ஒன்றா என்று பார்த்து, இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பெட்டியோடு போனால் பெட்டி. அதே பக்கத்தில் நின்றால் விமான வயரிங். ஆனால் இடம் மாற்றும்போதும் ஊசிகள் உரசுகின்றனவே, ஆகவே நாலைந்து பறப்பு போகட்டும். அன்றைக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பிறகு சேர்கிட் பிரேக்கரை இழுத்து, யாரும் திரும்பத் தள்ளாதபடி கொலர் மாட்டி, எச்சரிக்கை டாக் தொங்கவிட்டு, ராக் கொனெக்டருக்கு டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எல்லா ஊசியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று உள்ளே போயிருந்தால் அதன் பூட்டு விழவில்லை. கோஅக்ஸின் நடு ஊசி உள்வாங்கியிருக்கிறதா, அன்டெனாவின் சீலன்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஓம் மீற்றரில் நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே ஷோர்ட் காட்டியவுடன் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். சில அன்டெனாக்கள் டீசிக்கு (நேரோட்டத்துக்கு) ஷோர்ட்டாகவே செய்யப்பட்டவை. அன்டெனாவைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

இன்னொன்று: மோட் எஸ் முகவரி (டிரான்ஸ்பொண்டர் சொல்லும் விமானத்தின் தனி அடையாளம்) 24 பிட், அது விமானத்தின் வயரிங்கில் கட்டப்பட்டிருக்கும். அங்கே ஒரு பின் கிரவுண்ட் விட்டுப்போனால் நீங்கள் வேறொரு விமானமாகிவிடுவீர்கள். கடைசியில் டெஸ்டரால் 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி அனுப்பி 1090இல் பதில் பாருங்கள், அன்டெனாவை மூடும் கப்ளர் உறையை வைத்துத்தான். மூடாமல் செயற்கை உயரம் கொடுத்துச் சோதித்தால், இறங்க வருகிற விமானத்தின் டீகாஸ் (மோதல் எச்சரிக்கைக் கருவி) உங்களைப் பக்கத்தில் பறக்கும் விமானமாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி (நீர்கொழும்பு): வயரில் பின்னைக் கிறிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி) இழுத்தால் கழன்று வருகிறது. டூல் புதிது.

பதில்: டூல் புதிதாக இருக்கலாம், பொசிஷனரும் (பின்னைப் பிடிக்கும் துண்டு) செலக்டர் எண்ணும் (அழுத்தும் ஆழம்) அந்தப் பின்னுக்கு உரியவையா? வயரை உரிக்கும்போது 19 இழையில் ஒன்றுகூட அறுந்திருக்கக் கூடாது. பின்னின் சோதனைத் துளை வழியாகச் செம்பு இழை தெரிய வேண்டும். இன்சுலேஷன் பின்னின் வாயை ஒட்டி நிற்க வேண்டும், ஒரு மில்லிமீற்றர் இடைவெளியே அதிகம். ராட்செட் தானாக விடும்வரை அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தியதை இரண்டாம் தடவை அழுத்தாதீர்கள். பின்னைக் கொனெக்டருக்குள் செருகிக் கழற்றும் பிளாஸ்டிக் டூலில் நிறமுள்ள முனை செருக, வெள்ளை முனை கழற்ற. மாற்றிப் பிடித்தால் உள்ளே இருக்கும் பூட்டு விரல் உடையும், பிறகு முழுக் கொனெக்டரும் போச்சு.

கேள்வி (இரத்மலானை): ஐயா, சிறிய பயிற்சி விமானத்தில் பிட்டோ ஸ்டாடிக் (வேகம், உயரம் காட்டும் மானிகளுக்குக் காற்றழுத்தம் தரும் குழாய்கள்) லீக் டெஸ்ட் செய்ய வேண்டும். எதில் கவனம்?

பதில்: அவசரப்படாமல் இருப்பதில். அழுத்தமேற்றாத சிறு விமானத்தில், ஸ்டாடிக் பக்கம் 1,000 அடி உயர்ந்ததற்குச் சமமாக உறிஞ்சி நிறுத்தினால், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது. பிட்டோவையும் ஸ்டாடிக்கையும் சேர்த்தே இணையுங்கள். பிட்டோ அழுத்தம் ஒருபோதும் ஸ்டாடிக்கைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் வேகமானியின் கப்ஸ்யூல் பின்பக்கம் வளையும். ஏறுவதும் இறங்குவதும் ஏறுவீத மானியின் அளவுக்குள் இருக்கட்டும். தரை மட்டத்துக்குக் கொண்டுவராமல் குழாயைப் பிடுங்கினால் முதலில் போவது அந்த மானிதான்.

முடிந்ததும் மறக்கக் கூடாதது, துளையில் ஒட்டிய டேப். 1996 ஒக்டோபரில் பெரு நாட்டின் லீமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். கழுவுவதற்காக ஸ்டாடிக் துளைகளில் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. விமானத்தின் நிறத்திலேயே இருக்கும் டேப் இந்த வேலைக்கு ஆகாது. சிவப்புப் பட்டி தொங்கும் கவர் போடுங்கள். எத்தனை போட்டீர்கள் என்று வேலை அட்டையில் எழுதி, எடுக்கும்போது எண்ணுங்கள்.

கேள்வி (தெஹிவளை): மெகர் (உயர் வோல்ட் ஏற்றி அளக்கும் கருவி) வைத்து வயரின் இன்சுலேஷன் பார்க்கலாமா?

பதில்: இரு முனையிலும் பெட்டிகளைக் கழற்றிய பிறகு, மெனுவல் அனுமதித்தால் மட்டும். 500 வோல்ட் ஒரு பெட்டிக்குள் போனால் பிறகு தேட வயரும் இல்லை, பெட்டியும் இல்லை.

கேள்வி (கொட்டாஞ்சேனை): கொழும்பில் இவ்வளவு ஈரம், ஸ்டாடிக் மின்சாரம் எங்கே வரப்போகிறது? கைப்பட்டி (மணிக்கட்டில் கட்டி கிரவுண்டுடன் இணைக்கும் பட்டி) தேவையா?

பதில்: வெளியில் ஈரம், வேர்க்ஷொப்பில் ஏசி. ஏசி காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும். விரலில் சுள்ளென்று படுவதற்கே 3,000 வோல்ட் அளவில் வேண்டும். சில சிப்புகளுக்கு 100 வோல்ட் போதும். உங்களுக்குத் தெரியாமலே சிப் அடிபடும். அது அன்றே சாகாமல் மூன்று மாதம் கழித்துச் செத்தால் யாரும் உங்கள் கையைச் சந்தேகிக்கமாட்டார்கள். பட்டிக்குள் 1 மெகாஓம் தடை இருக்கிறதா என்று தினமும் டெஸ்டரில் பாருங்கள். அந்தத் தடை, தற்செயலாக மெயின் கரண்டைத் தொட்டால் உங்களைக் காப்பதற்கு.

கேள்வி (கட்டுநாயக்க, டிரான்ஸ்பொண்டர் பற்றிக் கேட்டவரே): லொக் புத்தகத்தில் “சோதித்தோம், சரி” என்று மட்டும் எழுதுகிறோம். அது போதாதா?

பதில்: போதாது. எந்தப் பெட்டியின் சீரியல் எண், எந்தக் கட்டத்தில் பழுது, ஏறும்போதா இறங்கும்போதா, மழையா, பைட் (பெட்டியின் சுயசோதனை) கொடுத்த குறியீடு என்ன, எந்தப் பிளக்கைத் திறந்து என்ன கண்டீர்கள் என்பவை எல்லாம் வரட்டும். ஒரே வரியில் எழுதலாம்: “இறக்கத்தில் 8,000 அடியில் வந்தது, மழை, மேல் அன்டெனாவின் கோஅக்ஸ் முனையில் பச்சைக் களிம்பு, முனை மாற்றப்பட்டது.” அடுத்த ஷிப்ட் அந்தப் பெட்டியைத் தொடாது.